காட்டுப் பாதையில் சைக்கிள் சவாரி
டெல்லித் தமிழர்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன வேலை? வாரம் முழுவதும் சேர்ந்த துணிகளைத் துவைப்பது, ஆர்.கே.புரம் மலைமந்திருக்குப் போய் முருகனைக் கும்பிடுவது, ஊருக்குப் போன் போட்டுப் பேசுவது, மத்தியானம் படுத்துத் தூங்குவது. பெரும்பாலோருக்கு இத்துடன் பொழுது சாய்ந்துவிடும்.

ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், விடிவதற்கு முன்பே எழுந்து, ஸ்வெட்டரும் மப்ளருமாகப் புறப்பட்டுவிடுகிறார்கள் 11 தமிழர்கள். அவர்கள் போகுமிடம் ஆரவல்லிக் காடு. போவது சைக்கிளில்!

தலைநகரின் தென்கோடியில், குர்கான் என்று இன்றும் பலர் சொல்லும் குருகிராமுக்கும் பரீதாபாத்துக்கும் நடுவே ஆரவல்லிக் குன்றுகள் படுத்துக் கிடக்கின்றன. உலகத்திலேயே மிகப் பழமையான மலைத்தொடர்களில் ஒன்று இது. உயரம் அதிகம் இல்லை. ஆனால் பாதை முழுவதும் கூரான கல், உருளும் சரளை, முள். ஆடுமாடு மேய்ப்பவர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள். அதில்தான் சவாரி.

மாசி மாதத்து ஞாயிறு அது. காலை ஆறரை மணி. மாங்கர் கிராமத்துக்குப் பிரியும் இடத்தில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சிறிய லாரி வந்து நின்றது. நம் ஊரில் குட்டியானை என்போமே, அதேதான். இங்கே அதற்குப் பெயர் ‘சோட்டா ஹாத்தி’. அர்த்தமும் அதுவே! அதிலிருந்து ஏழு சைக்கிள்கள் இறங்கின. பரீதாபாத்திலிருந்து நான்கு பேர் மிதித்தே வந்து சேர்ந்தார்கள்.

யார் இவர்கள்?

தலைவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், சைக்கிள் மெக்கானிக் ஒருவரைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தென் டெல்லியில் ஒரு வேப்பமரத்தடியில் 22 ஆண்டுகளாகப் பஞ்சர் ஒட்டுகிறார். எல்லோருக்கும் அவர் ‘அண்ணாச்சி’. ஐந்து பழைய சைக்கிள்களைப் பிரித்து அவரே பூட்டிய வண்டியில்தான் அவர் சவாரி.

பாங்க் குமாஸ்தா ஒருவர். கும்பகோணத்துக்காரர், வயது 54. சர்க்கரை வியாதிக்கு உடற்பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் வந்து சேர்ந்தவர். கூட்டத்திலேயே விலை உயர்ந்த சைக்கிள் இவருடையது, மகன் வாங்கித் தந்தது. கூட்டத்திலேயே மெதுவாகப் போகிறவரும் இவர்தான்.

பரீதாபாத்தில் லேத் ஓட்டும் கோயமுத்தூர்க்காரர் ஒருவர், சவாரியில் எமகாதகர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, அவருடைய கணவர். மத்திய அரசு ஆபீஸ் குமாஸ்தாக்கள் மூவர். எலக்ட்ரீஷியன் ஒருவர், ஓட்டல் சமையல்காரர் ஒருவர். கடைசியாக, பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கும் 23 வயது இளைஞர். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்.

பெயர்களைப் போடவேண்டாம் என்பது இவர்கள் எல்லோருடைய வேண்டுகோள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மலை சைக்கிள் பிறந்த கதை

காட்டிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் சைக்கிள் பிறந்தது அமெரிக்காவில். கலிபோர்னியா மாநிலத்தின் மரின் மாவட்டத்தில் சில இளைஞர்கள், 1930, 40-களில் செய்யப்பட்ட தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து, மலை உச்சியிலிருந்து மண்பாதையில் உருட்டிவிட்டு விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21-ந் தேதி முறைப்படி ஒரு பந்தயமே நடத்தினார்கள். இரண்டு மைலுக்கும் குறைவான தூரத்தில் 1,300 அடி இறக்கம்! கீழே வருவதற்குள் பின் சக்கரத்து பிரேக்கில் இருக்கும் கிரீஸ் வெந்து புகையாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சவாரி. அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடைப்பது’ என்று பெயர் வந்தது.

ஜோ பிரீஸ், கேரி பிஷர், சார்லி கெல்லி, டாம் ரிட்சி ஆகியோர் இந்தக் கூட்டத்தில் பேர்பெற்றவர்கள். விளையாட்டு வியாபாரமாயிற்று. 1981-ல் தொழிற்சாலைகளில் மொத்தமாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் போட்டியாகவே சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 2005 முதல் இமாசலப் பிரதேச மலைகளில் பெரிய பந்தயம் நடத்தப்பட்டு வந்திருக்கிறது.

சாதாரண சைக்கிளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? டயர் இரண்டு அங்குலத்துக்கும் அதிக அகலம். அதில் கட்டை கட்டையாக ரப்பர் பற்கள். காற்றைக் கல் மாதிரி அடிக்கக்கூடாது. கொஞ்சம் குறைத்து வைத்தால்தான் டயர் கல்லைக் கவ்விப் பிடிக்கும். மேட்டில் ஏற சிறு கியர்கள். பெரும்பாலானவற்றில் முன்பக்கம் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் குழாய், சக்கரத்தின் நடுவில் தட்டு பிரேக். விலை ஆயிரங்களிலும் உண்டு, இலட்சங்களிலும் உண்டு.

“விலையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிரேக் சரியாகப் பிடிக்க வேண்டும், ஹேண்டில்பார் ஆடக்கூடாது, டயர் தேய்ந்திருக்கக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் என்னோடு வரலாம்” என்கிறார் அண்ணாச்சி. புறப்படுமுன் 11 வண்டிகளையும் அவரே தொட்டுப் பார்த்தார். சமையல்காரரின் வண்டியில் பின் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. மாற்றிய பிறகுதான் விசில் ஊதினார்.

ஊரில் பார்த்த முள்

கிராமத்தைத் தாண்டியதும் தார்ச் சாலை முடிந்தது. அண்ணாச்சி முதலில், லேத் தொழிலாளி கடைசியில். இந்த இரண்டு இடங்களும் மாறக்கூடாது. முன்னால் போகிறவரை யாரும் முந்தக்கூடாது. பின்னால் வருகிறவரைவிட யாரும் பிந்தக்கூடாது. பாதை பிரியும் இடங்களிலெல்லாம் நின்று தலையை எண்ணுகிறார்கள்.

முதல் மேட்டிலேயே பாங்க் குமாஸ்தாவுக்கு மூச்சு வாங்கியது. பத்துப் பேரும் நின்றார்கள். அவர் தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போகலாம் அண்ணாச்சி” என்று சொன்ன பிறகே புறப்பட்டார்கள்.

அரை மணி நேரத்துக்குள் மூன்று பஞ்சர்! பிடுங்கிய முள்ளைக் கையில் வைத்துப் பார்த்த ராமநாதபுரத்து இளைஞர் சிரித்துவிட்டார். “அண்ணாச்சி, இது எங்க ஊர் முள்ளு!”

உண்மைதான். நம் ஊர்க் கண்மாய்களை அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலமரம்தான் ஆரவல்லியிலும் பரவிக் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து 1877-ம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த மரம். டெல்லிக் குன்றுகளில் பிரிட்டிஷார் காலத்தில் நட்டார்கள். இங்கே இதற்கு ‘விலாயதி கீகர்’ என்று பெயர். விலாயதி என்றால் சீமை, கீகர் என்றால் கருவேலம். தமிழனும் டெல்லிக்காரனும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்!

பணம் உள்ளவர்கள் டியூப் இல்லாத டயரில் ரப்பர்பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றிக்கொள்கிறார்கள். முள் குத்தினால் அது தானாகவே ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. மற்றவர்களுக்கு அண்ணாச்சியின் உப்புத்தாளும் சொல்யூஷனும்தான். ஆறு நிமிடத்தில் ஒரு பஞ்சர் ஒட்டிவிடுகிறார்.

சாமி காடு

பாதை ஒரு பள்ளத்தாக்கின் விளிம்புக்கு வந்தது. கீழே பார்த்தால் சீமைக் கருவேலம் ஒன்றுகூட இல்லை. பள்ளத்தாக்கு முழுவதும் ‘தவ்’ என்று இவர்கள் சொல்லும் நாட்டு மரம். இதுதான் மாங்கர் பனி. இங்கே ‘பனி’ என்றால் காடு.

குதாரியா தாஸ் பாபா என்ற சாமியாரின் காடு இது என்பது சுற்றுக் கிராமத்துக் குஜ்ஜர் மக்களின் நம்பிக்கை. இதில் ஒரு குச்சியை ஒடித்தாலும் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார்கள். கோடரி விழாததால் காடு பிழைத்திருக்கிறது. நம் ஊர் அய்யனார் கோயில் காட்டையும் இப்படித்தானே காப்பாற்றினார்கள்? இந்தப் பகுதியில் ஆதிமனிதர்கள் தீட்டிய குகை ஓவியங்கள் இருப்பதாக 2021-ல் தொல்பொருள் துறையினர் அறிவித்தார்கள்.

சாமி காட்டுக்குள் சைக்கிள் போகக்கூடாது என்பது இவர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட சட்டம். மேலே நின்று கும்பிட்டுவிட்டு, விளிம்போடு சுற்றிக்கொண்டு போனார்கள். சிறுத்தை, கழுதைப்புலி, நரி, நீலமான் எல்லாம் இந்தக் குன்றுகளில் உண்டு. அதனால்தான் இருட்டில் சவாரி கிடையாது. அன்று இவர்கள் கண்டது இரண்டு நீலமான்களும் ஏராளமான மயில்களும். சமையல்காரர் ஒரு மயிலிறகை எடுத்து ஹேண்டில்பாரில் செருகினார். “எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள் அண்ணே” என்றார் நர்ஸ். வைத்துவிட்டார்.

கற்படி இறக்கம்

பத்தரை மணிக்கு அந்த இடம் வந்தது.

முன்பு கல் வெட்டி எடுத்த பகுதி அது. டெல்லியைச் சுற்றியுள்ள ஆரவல்லியில் சுரங்கம் தோண்ட சுப்ரீம் கோர்ட்டு 2002-லும் பிறகு 2009-லும் தடை விதித்தது. லாரிகள் போய்விட்டன. பள்ளங்கள் நின்றுவிட்டன. சில பள்ளங்களில் நீலநிறத்தில் தண்ணீர் தேங்கி, பார்க்க அழகாக இருக்கும். அதில் குளிக்கப் போய் உயிரைவிட்டவர்கள் பலர். ‘தண்ணீரில் கால் வைக்காதே’ என்பதும் இவர்களுடைய சட்டம்.

வெட்டிய மலையின் ஓரமாக, மழைநீர் அரித்த ஓடை ஒன்று செங்குத்தாக இறங்குகிறது. படிப்படியாகக் கல். படிகளுக்கு இடையில் உருளும் சரளை. சுமார் 60 அடி நீளம்தான்.

அண்ணாச்சி விசில் ஊதினார். எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை.

போன கார்த்திகை மாதம் இதே இடத்தில்தான் ராமநாதபுரத்து இளைஞர் விழுந்தார். அன்று அவர் இறங்கி நடக்கத்தான் நினைத்தார். “ராமநாதபுரத்துக்காரன் முள்ளுக்கும் பயப்படமாட்டான், கல்லுக்கும் பயப்படமாட்டான் என்று நினைத்தேனே!” என்று கேலி செய்தார் லேத் தொழிலாளி. நான்கு பேர் சிரித்தார்கள். இளைஞர் பெடலை மிதித்தார். பாதி வழியில் பயந்து முன் பிரேக்கை இறுகப் பிடித்தார். வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை. கையை ஊன்றி விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது.

நர்ஸ் தன் துப்பட்டாவைக் கிழித்துத் தூளி கட்டினார். இரண்டு பேர் தாங்கி நடத்திக்கொண்டு வந்தார்கள். சாலைக்கு வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

“காறை எலும்பு தானாகச் சேர்ந்துவிடும். ஆனால் ஆறு வாரமாவது ஆகும். அதன் பிறகும் உடனே பாரம் தூக்க முடியாது. இந்தத் தம்பிக்குப் பாரம் தூக்குவதுதானே சோறு?” என்றார் நர்ஸ்.

52 நாட்கள் வேலை இல்லை. சம்பளமும் இல்லை. ஊரில் தாயாரும் படிக்கும் தங்கையும் மாதாமாதம் வரும் பணத்தை எதிர்பார்த்து இருக்கிறார்கள். விழுந்த செய்தியை அவர் ஊருக்குச் சொல்லவே இல்லை. பத்துப் பேரும் பணம் போட்டு, அறை வாடகையைக் கொடுத்தார்கள். வழக்கமான தேதியில், வழக்கமான தொகை ஊருக்குப் போயிற்று. அதில் பாதிக்கு மேல் கொடுத்தவர் லேத் தொழிலாளி. ஓவர்டைம் பார்த்துக் கொடுத்தார்.

தாயாருக்கு இன்றுவரை தெரியாது. பெயர்களைப் போடவேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்.

தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்

இந்த இடத்தில் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளிக்கு, உடல்நலம் கெட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஓர் ஆண்டில் 91 நாட்கள் வரை இதைப் பெறலாம். ஆறு மாத சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேலையிடத்தில் ஏற்பட்ட காயமாகத்தான் இருக்க வேண்டும் என்பது இந்த உதவிக்கு இல்லை. லீவு நாளில் விழுந்தாலும் டாக்டர் சர்ட்டிபிகேட்டுடன் கேட்கலாம்.

இளைஞருக்கு ஏன் கிடைக்கவில்லை? அவர் காண்டிராக்டரிடம் வேலை பார்த்தார். அவர் பெயருக்குச் சந்தாவே கட்டப்படவில்லை. அது அவருக்கே விழுந்த பிறகுதான் தெரிந்தது. குணமானதும் வேறு கிடங்கில் சேர்ந்திருக்கிறார். முதல் மாதச் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாங்க் குமாஸ்தாவிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

அந்தக் கார்த்திகைக்குப் பிறகு கூட்டத்தில் புதிய சட்டம் ஒன்று வந்தது. “திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவன், சந்தேகம் வந்த இடத்தில் இறங்கி நடக்கலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. சிரிக்கவும் கூடாது.”

முதலில் இறங்கியவர்

மாசி ஞாயிறன்று, ஓடைக்கு மேலே பதினொரு பேரும் நின்றார்கள். முதலில் இறங்கியவர் லேத் தொழிலாளி. அந்த இறக்கம் அவருக்குத் தூசு. ஆனாலும் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படிப்படியாக நடந்து கீழே போனார். பின்னாலேயே குமாஸ்தாக்கள், எலக்ட்ரீஷியன், நர்ஸ், எல்லோரும் நடந்தார்கள். பாங்க் குமாஸ்தாவின் வண்டியை அண்ணாச்சி தூக்கி வந்தார்.

கடைசியாக இளைஞர் தம் வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கீழே வந்ததும் லேத் தொழிலாளியிடம் போனார்.

“அண்ணே, நீங்க ஓட்டிக் காட்டுங்க. நான் எங்க தப்பு செஞ்சேன்னு பாக்கணும்.”

“வேண்டாம் தம்பி.”

“நான் ஓட்டப்போறதில்ல அண்ணே. பாக்கணும்.”

லேத் தொழிலாளி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி தலையசைத்தார். அவர் மறுபடி மேலே ஏறிப் போய், சீட்டைத் தாழ்த்திக்கொண்டு, நிதானமாக இறங்கினார். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில். உடம்பு சீட்டுக்குப் பின்னால். முழங்கை மடங்கி, பார்வை சக்கரத்தில் இல்லாமல் பத்தடி முன்னால். பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல், இரண்டையும் விட்டுவிட்டு விரலால் அழுத்தினார். சரளை உருண்டது. வண்டி உருளவில்லை.

“நான் உடம்ப முன்னால கொண்டுபோயிட்டேன், இல்லையா?” என்றார் இளைஞர்.

“ஆமாம் தம்பி. அதுக்கு முன்னால தப்பு செஞ்சது நான்” என்றார் லேத் தொழிலாளி.

அதற்கு மேல் அதைப்பற்றி இருவரும் பேசவில்லை.

அடுத்து வந்த சிறிய இறக்கங்களில் இளைஞர் பயிற்சி செய்தார். உடம்பைப் பின்னால் வைத்து, மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கினார். மூன்றாவது முறை சரியாக வந்தது.

கட்டுச்சோறு

ஒரு மணிக்குக் கிராமத்துக்குத் திரும்பினார்கள். ஒரு வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் ஹுக்கா பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். பெரிய லோட்டாவில் மோர் வந்தது. நர்ஸ் கொண்டுவந்த புளியோதரையும் தயிர்சாதமும் எவர்சில்வர் டப்பாக்களிலிருந்து வெளியே வந்தன. பெரியவருக்கும் கொடுத்தார்கள். புளியோதரையை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வாய் கேட்டார்.

“எங்கள் பையன்கள் சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் பட்டணத்திலிருந்து சைக்கிளில் இங்கே வருகிறீர்களே, ஏன்?” என்று அவர் இந்தியில் கேட்டார்.

பதில் சொன்னவர் பாங்க் குமாஸ்தா. “வாரத்தில் ஆறு நாள் இன்னொருவர் சொன்னபடி நடக்கிறோம் ஐயா. ஒரு நாளாவது எங்கள் காலால் எங்கள் இஷ்டப்படி போகலாமே என்றுதான்.”

பெரியவர் சிரித்தார். மாலை மூன்று மணிக்கு எல்லோரும் சாலைக்கு வந்துவிட்டார்கள். குப்பையை ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள்கள் சோட்டா ஹாத்தியில் ஏறின. அன்று காயம் என்று பார்த்தால், சமையல்காரரின் முழங்காலில் ஒரு சிராய்ப்பு மட்டும்தான்.

மறுநாள் காலை

கூட்டத்தின் வேலை ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, மற்ற பத்துப் பேருடைய செல்போனிலும் அண்ணாச்சியிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வரும்: “ஆஜரா?”

வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் பதில் போடுவார்கள். அன்று முதலில் நர்சிடமிருந்து வந்தது. பிறகு லேத் தொழிலாளி, எலக்ட்ரீஷியன், குமாஸ்தாக்கள். பாங்க் திறப்பது தாமதம் என்பதால் பாங்க் குமாஸ்தா எப்போதும் கடைசிக்கு முந்தியவர்.

பார்சல் கிடங்கில் காலை மூட்டைகளை இறக்கி முடித்துவிட்டுத்தான் போனைத் தொட முடியும். பத்தேகாலுக்கு அந்தப் பத்தாவது பதில் வந்தது.

“ஆஜர், அண்ணாச்சி.”

அதைப் பார்த்த பிறகுதான் அண்ணாச்சி வேப்பமரத்தடியில் அன்றைய முதல் டீயைக் குடித்தார்.